மூணு வோல்ட்டுக்குள் ஆறாயிரம்

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். என் கடைக்கு வரும் சாமான்கள் தனி ரகம். ஒருமுறை ஒரு நைட் விஷன் கருவி வந்தது. மலையடிவாரத்தில் இரவில் மான் பார்க்கும் ஒரு வெளிநாட்டுப் பெரியவருடையது. பேட்டரி புதுசு, உள்ளே இருட்டு.

பக்கத்துக் கடைத் தம்பி எட்டிப் பார்த்து, "இதுக்குப் போய் ஏன்ணே யோசிக்கிறீங்க? பழைய டி.வி. பிளைபேக்கை மாட்டி வுடுங்க" என்றான். கலர் டி.வி. பிளைபேக் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கக்கும். இந்தக் குழாய் அதைத் தாங்குமா?

இரண்டாம் தலைமுறைக் குழாயில் முதலில் ஒளிக்கதிர் பட்டால் எலக்ட்ரான் விடும் கேத்தோடு. அடுத்து, லட்சக்கணக்கில் நுண்துளைகள் உள்ள தட்டு. கடைசியில் பச்சைத் திரை. கேத்தோடுக்கும் தட்டுக்கும் நடுவே சுமார் 200 வோல்ட், தட்டுக்குக் குறுக்கே சுமார் 800, திரைக்கு ஐயாயிரம் ஆறாயிரம். எல்லாம் அந்த 3 வோல்ட்டிலிருந்துதான்! மூன்றாம் தலைமுறையில் தட்டின் மேல் மெல்லிய படலம் உண்டு. அதைத் துளைக்க கேத்தோடு பக்கம் 800 வோல்ட் வரை வேண்டும். இரண்டாம் தலைமுறை சப்ளையை அதில் மாட்டினால் படம் மங்கும்.

மாடல் ஒன்றாக இருந்தாலும் போதாது. நுண்துளைத் தட்டின் பெருக்கம் குழாய்க்குக் குழாய் மாறும். அதனால் தொழிற்சாலையிலேயே ஜோடி பார்த்து சப்ளையைத் திருகி வைக்கிறார்கள். நம் நாட்டில் புனேயில் 1990ல் தொடங்கிய பெல் துணை நிறுவனம், குழாயோடு அதற்கான உயர் அழுத்த சப்ளையையும் சேர்த்தே செய்ய வந்தது, காரணம் புரிகிறதா? இன்னொன்று: வெளிச்சம் கூடினால் தானே குறைத்துக்கொள்ளும் சுற்றும் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத சப்ளையை மாட்டி, எதிரே ஒரு லாரி ஹெட்லைட் அடித்தால் குழாய் தழும்பாகிவிடும். குழாய் போனால் போனதுதான். பிரித்துச் சரிசெய்ய முடியாது.

அதனால் பெரியவரிடம், "சரியான சப்ளை கிடைக்கிற வரைக்கும் மூடி போட்டு இருட்டுல வையுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தேன். கடை வாடகை பாக்கி இருந்த மாசம் அது!

எட்டு மாதம் கழித்து, அதே வகைக் குழாயிலிருந்து கழற்றிய சப்ளையோடு வந்தார். வளையம் போலக் குழாயைச் சுற்றி உட்காரும் ரகம். பெருக்கத்தைத் திருக ஒரு சின்ன டிரிம்மர். சாதாரண மல்டிமீட்டர் 1000 வோல்ட்டோடு நின்றுவிடும். உயர் அழுத்த புரோப் வைத்தாலோ, இருக்கிற மைக்ரோ ஆம்பியரை அதுவே குடித்து அளவைக் குறைத்துக் காட்டும். (பேட்டரியைக் கழற்றினாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள், தம்பிகளா!) நாலு ஒயரையும் பற்றவைத்து, சிலிக்கான் ரப்பர் பூசி ஒரு நாள் காயவிட்டேன். டிரிம்மரைக் கடைசி வரை குறைத்து, இருட்டறையில் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினேன்.

அன்று இரவு மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்த்தோம். பாறை, புதர் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. "அது முன்னாடியே இருந்ததுப்பா" என்றார் பெரியவர், நான் கேட்பதற்கு முன்பே.