ஒரு பக்கம் மட்டும் ஒழுகிய மூக்கு

2025 புரட்டாசி ஆரம்பத்துல எங்க கொல்லையில மல்லாட்டை பிடுங்கினோம். மல்லாட்டைன்னா நீங்க சொல்ற நிலக்கடலைதான். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எங்களுக்கு அந்தப் பேருதான் வாயில வரும். வேப்பமர நிழல்ல பொம்பளைங்க உட்கார்ந்து காய் ஆய்ஞ்சாங்க. என் மூணு வயசுப் பொண்ணு அந்தக் குவியல் பக்கத்துலயே நாள் முழுக்க விளையாடினா.

நாலு நாள் கழிச்சுப் பாப்பாவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பிச்சது. "மழைக்காலம் வருதில்ல, சளிதான்டா. தானா போயிடும்"னு எங்க அம்மா கற்பூரவல்லிச் சாறுல தேன் கலந்து கொடுத்தாங்க. ஒரு வாரம் ஆகியும் நிக்கலை. டாக்டர்கிட்ட காட்டாம, மெடிக்கல்ல கேட்டு ஒரு சிரப் வாங்கியாந்தேன். காயை உலர்த்தணும், மூட்டை போடணும், ஆள் கூலி கொடுக்கணும்னு என் நினைப்பெல்லாம் களத்துலயே இருந்தது.

"என்னங்க, இடது பக்கம் மட்டும்தான் ஒழுகுது. கிட்டப் போனா கெட்ட வாடை அடிக்குது"ன்னு வீட்டுக்காரம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. "சளின்னா அப்படித்தான் இருக்கும்"னு நானும் ரெண்டு தடவை சொன்னேன்.

அக்டோபர் முதல் வாரம் டிவியில அந்தச் செய்தி வந்தது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம், கோல்ட்ரிஃப்ங்கிற இருமல் சிரப் குடிச்ச பிள்ளைங்க சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போச்சுங்க. அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்போ, டை எத்திலீன் கிளைகால்ங்கிற விஷம் அதுல 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாதாம். செத்த பிள்ளைங்க கணக்கு பிறகு இருபதைத் தாண்டிப்போச்சு.

ஓடிப்போய் எங்க பாட்டிலைப் பார்த்தேன். வேற பேருதான். ஆனா லேபிள்ல பொடி எழுத்துல, நாலு வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ரெண்டும் சேர்ந்த மருந்துல இந்த எச்சரிக்கையைப் போடணும்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பர்லயே உத்தரவு போட்டிருக்கு. பாப்பாவுக்கு மூணுதான் ஆகுது. அஞ்சு நாளா என் கையாலதான் ஊத்திக் கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலைங்க.

காலையில முதல் பஸ் பிடிச்சு திண்டிவனம் போனோம். டாக்டரம்மா முதல்ல கேட்டதே, "ரெண்டு பக்கமும் ஒழுகுதா, ஒரு பக்கமா?" வீட்டுக்காரம்மா பதில் சொல்லாம என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "உள்ளே ஏதோ இருக்கு, முண்டியம்பாக்கம் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கு. காது மூக்கு தொண்டைப் பிரிவுல பாப்பாவை மடியில வெச்சு நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நுனி வளைஞ்ச கம்பியை விட்டு மெதுவா இழுத்தாங்க. ஊறி உப்பிப்போன அரை மல்லாட்டைப் பருப்பு வந்தது.

அங்கே சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன். சாதாரண சளி பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒழுகும். பத்துப் பதினாலு நாள்ல தானா அடங்கும். சின்னப் பிள்ளைக்கு ஒரே பக்கம் ஒழுகி, நாத்தமும் அடிச்சா உள்ளே ஏதாவது மாட்டியிருக்கான்னு பார்க்கணும். வீட்டுல விரலோ இடுக்கியோ விட்டு நோண்டக் கூடாது. பருப்பு இன்னும் உள்ளே போகும், மூச்சுக்குழாய்ல இறங்கினா உயிருக்கே ஆபத்து. தண்ணி, எண்ணெய் எதுவும் ஊத்தவும் கூடாது.

பட்டணத்துல உங்க வீட்டுல மல்லாட்டைக் குவியல் இருக்காது. பாசிமணி, ரப்பர் துண்டு, பொம்மைக்குப் போடற பட்டன் பேட்டரி இருக்கும். பேட்டரி மாட்டியிருந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. சில மணி நேரத்துலயே மூக்கோட உள்சதையை அரிச்சிடுமாம்.

அன்னைக்கு ராத்திரி பாப்பா வாயை மூடிக்கிட்டுத் தூங்கினா. அத்தனை நாளா வாயாலதான் மூச்சு விட்டிருக்கான்னு அப்போதான் எனக்கு உறைச்சது. இப்பல்லாம் வீட்டுக்காரம்மா ஒண்ணு சொன்னா, முதல் தடவையே எழுந்து போய்ப் பார்த்துடறேன்.