கடிதத்திற்குப் பதிலாகச் சென்ற மாடு



ஆண்டறிக்கைகள் எழுதப்படும் காலம் இது. எத்தனை குடும்பங்கள், எத்தனை ஞானஸ்நானங்கள், எத்தனை அடக்கங்கள் என்று கட்டங்களை நிரப்புகையில் ஓர் ஓவியம் என் கண்முன் வந்து நிற்பதுண்டு. அஞ்சலட்டை அளவேயான சிறு நீர்வண்ண ஓவியம் அது. அதுவும் ஓர் அறிக்கைதான்.

1886ஆம் ஆண்டின் கோடை அமெரிக்காவின் மொன்டானா பகுதியில் வறண்டு போயிற்று. நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு மிஞ்சிய மந்தைகள் புல்லை அடிவரை மேய்ந்துவிட்டிருந்தன. பின்வந்த குளிர்காலத்தில் பனி இடைவிடாது பெய்தது. சற்றே உருகி மீண்டும் உறைந்ததால் அதன்மேல் கடினமான பனித்தகடு படிந்தது. அதை உடைத்துப் புல்லை எட்ட மாடுகளால் இயலவில்லை. மலைத்தொடரைக் கடந்து கிழக்கே வீசும் 'சினூக்' என்னும் வெப்பக்காற்று வந்தால் பனி ஒரே நாளில் உருகிவிடும். அந்தக் காற்றை எதிர்பார்த்தபடியே மாடுகள் ஆயிரமாயிரமாய் மடிந்தன.

ஹெலினா நகரிலிருந்த உரிமையாளர்களுள் ஒருவரான லூயிஸ் காஃப்மன், தம் மந்தையின் நிலையை விசாரித்து எழுதினார். ஜூடித் பள்ளத்தாக்கில் மந்தைக்குப் பொறுப்பாயிருந்த ஜெஸ்ஸி ஃபெல்ப்ஸ் என்ன பதில் எழுதுவதென்று திகைத்தார். அங்கிருந்த மாடுமேய்ப்பரான 22 வயது இளைஞர் ஓர் அட்டையை எடுத்து வரைந்தார். பனியில் முதுகு கூனி நிற்கும் ஒற்றை மாடு. எண்ணிவிடத்தக்க விலா எலும்புகள். அது விழும் நேரத்திற்காகக் காத்திருக்கும் ஓநாய்கள். அதைக் கண்ட ஃபெல்ப்ஸ், இனிக் கடிதம் வேண்டியதில்லை என்று அட்டையையே அனுப்பிவிட்டார். 'சினூக்கிற்காகக் காத்திருத்தல்' என்ற அந்தப் படம் அவ்விளைஞரின் பெயரை ஊரறியச் செய்தது. அவர்தாம் சார்லஸ் மேரியன் ரஸ்ஸல்.

பார்வோன் கனவில் கண்ட மெலிந்த பசுக்களுக்குப் பொருள் சொல்ல ஒரு யோசேப்பு தேவைப்பட்டார். இந்த மாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. நான் பல ஆண்டுகளுக்குமுன் வானம்பார்த்த பூமியான ஒரு சேகரத்தில் ஊழியம் செய்தேன். தொடர்ந்து மழை பொய்த்தது. மக்கள் உழவு மாடுகளை விற்றார்கள். காணிக்கை குறைந்ததற்குக் காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. "மழையின்மை" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். அச்சொல் பொய்யன்று. ஆயினும் வெறுமையான தொழுவங்களையும், திண்ணை ஆணிகளில் தொங்கிய கயிறுகளையும் அந்தச் சொல் எவருக்குக் காட்டியிருக்கும்? கட்டம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

ரஸ்ஸல் 1864இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவேயில்லை. 1880இல், 16 வயதில், மொன்டானாவுக்குச் சென்றார். முதலில் ஆட்டு மந்தையொன்றில் வேலை, அது நிலைக்கவில்லை. ஜேக் ஹூவர் என்னும் வேட்டைக்காரர் அவரைச் சேர்த்துக்கொண்டார். பின்பு சுமார் 11 ஆண்டுகள் மாடுமேய்ப்போரிடையே பெரும்பாலும் இராக்காவல் பார்த்தார். பெத்லெகேமின் வயல்வெளி மேய்ப்பரை அறிந்த நமக்கு இராக்காவல் புதிதன்று. ரஸ்ஸலுக்கோ அதில் ஒரு வசதி இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்தவருக்குப் பகலில் பிறர் வேலை செய்வதைப் பார்த்து வரைய ஓய்வு கிடைத்தது!

1896இல் நான்சி கூப்பரை மணந்தார். வரைந்தவற்றை நண்பர்களுக்குச் சும்மா கொடுத்துவிடும் இயல்பினர் அவர். விலை கேட்கக் கூசுபவர். விலை பேசும் பொறுப்பை நான்சி ஏற்றார். அந்த அம்மையார் இல்லையெனில் அப்படங்களிற் பல மதுக்கடைச் சுவர்களிலேயே புகைபடிந்து போயிருக்கும் என்பது என் எண்ணம்.

1912இல் மொன்டானா சட்டமன்றத்திற்காக அவர் தீட்டிய ஓவியம் ஏறக்குறைய 25 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்டது. அதற்காகத் தம் மரக்குடில் ஓவியக்கூடத்தின் கூரையையே உயர்த்தவேண்டியிருந்தது. நாடாய்வு செய்யவந்த லூயிஸ், கிளார்க் இருவரும் பூர்வகுடியினரைச் சந்தித்ததே பொருள். வேறெவரும் அவ்விருவரையும் நடுவில் நிறுத்தியிருப்பர். ரஸ்ஸலோ முன்புறம் முழுவதையும் குதிரைமீது பாய்ந்துவரும் சாலிஷ் மக்களுக்கே கொடுத்தார்; வெள்ளையர் ஓரத்தில், தொலைவில், சிறியவராய் நிற்கின்றனர். அவை கூடும் மண்டபத்தில், தலைவரின் இருக்கைக்குப் பின்னால் அது இன்றும் இருக்கிறது. அந்நிலத்திற்குச் சட்டம் இயற்றுவோர், அந்நிலம் யாருடையதாயிருந்ததென்பதைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்க வேண்டும்.

அவர் தூரிகையோடு நின்றுவிடவில்லை. நிலமற்று அலைந்த சிப்பேவா, கிரீ மக்களுக்கு ஓரிடம் கிடைக்கவேண்டுமென்று எழுத்தாளர் ஃபிராங்க் லிண்டர்மனோடு சேர்ந்து குரல் கொடுத்தார். 1916இல் ராக்கி பாய் குடியிருப்பு அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில், நகரப் பிரமுகர்கள் கூடிய விருந்தொன்றில் தம்மை முன்னோடி என்று புகழ்ந்தபோது அவர் சினந்தார். விலங்குகளைக் கொன்று, மரங்களை வெட்டி, புல்லை அழித்து, கம்பிவேலி கட்டியவனுக்கா அந்தப் பட்டம் என்ற பொருள்படப் பேசினார். அந்த மேய்ச்சலில் தாமும் கூலிபெற்றவர் என்பதை அறிந்தே பேசினார். ஆதலால் அந்தச் சினத்தை நான் நம்புகிறேன். அவருடைய படங்களில் கையொப்பத்தின் அருகே காட்டெருமையின் மண்டையோடு ஒன்று இருக்கும்; பாராட்டுவோர் அதை அழகிய முத்திரை என்று கடந்துவிடுகின்றனர்.

1926 அக்டோபர் 24 அன்று கிரேட் ஃபால்ஸ் நகரில் ரஸ்ஸல் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட காலம். ஆயினும் அவர் உடலைக் குதிரைகள் பூட்டிய வண்டியே இழுத்துச் சென்றது. ஏறுவாரற்ற சேணத்தோடு ஒரு குதிரை உடன் நடந்தது.