விற்பனைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

2018ஆம் ஆண்டு நோன்பு மாதத்தை அமெரிக்காவில், சிக்காகோ நகருக்கு அண்மையில் வசிக்கும் எனது மனைவியின் தம்பி வீட்டில் கழிக்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. மச்சான் அங்கு ஒரு கராஜில் வேலை செய்பவர். சிறு வயதிலிருந்தே அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு முற்றத்தில் பெரியதொரு மோட்டார் சைக்கிள் நிற்கக் கண்டோம். முன்னால் அகன்ற கண்ணாடி, பின்சில்லின் இருபுறமும் பெட்டிகள், இருவர் வசதியாக அமரக்கூடிய ஆசனம். ‘விற்பனைக்கு’ என்று ஓர் அட்டை தொங்கியது. அவ்வீட்டு முதியவர் முந்திய குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவரது மனைவிதான் விற்கிறார். 4,000 டொலர் போதும் என்றார். அந்த ஆசனத்தில் கணவரின் பின்னால் இருந்து தான் போய்வந்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மச்சான் நிலத்தில் மல்லாந்து படுத்து எஞ்சினின் அடிப்பாகத்தைப் பார்த்தார். எழுந்தபோது அவரது முகமே மாறியிருந்தது. “நாளைக்கு வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நோன்பு திறந்த பிறகு விஷயத்தை விளக்கினார். அது ஹார்லி டேவிட்சன். 1903இல் மில்வாக்கி நகரில் ஆரம்பித்த கம்பனி. அந்த நகரம் சிக்காகோவிலிருந்து சுமார் 150 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. நெடுந்தூரப் பயணத்துக்கென அவர்கள் செய்த பெரிய வண்டிகளுக்கு 1965இல்தான் பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வசதி வந்தது. ‘எலெக்ட்ரா கிளைட்’ என்ற பெயரும் அப்போது வந்ததே. கவிழ்த்த தாச்சி போன்ற மூடியுடைய எஞ்சினுக்கு ‘பான்ஹெட்’ என்று பெயர். 1948இல் வந்த அதற்கு 1965 கடைசி வருடம். 1966இல் மூடியின் வடிவம் மாறிவிட்டது. தாச்சி மூடியும் ஸ்டார்ட் பொத்தானும் ஒன்றாக உள்ள எலெக்ட்ரா கிளைட் அந்த ஒரு வருடத்துக்கு மட்டுமே உரியது. அக்கால ஹார்லி வண்டிகளுக்கு எஞ்சினில் பொறித்த இலக்கமே அடையாளம். அந்த இலக்கம் 65 என்றே தொடங்கியது. அடிப்பாகத்தின் இரு பாதிகளிலும் உள்ள இலக்கங்களும் ஒத்திருந்தன. யாரும் மாற்றிப் பூட்டாத அசல் எஞ்சின்.

“அவ கேட்டதப் போல ரெண்டு மூணு மடங்கு போகும் மச்சான். அவவுக்குத் தெரியாது. நான் பொய் ஒண்டும் சொல்லலியே. வெல சொன்னது அவதானே?”

நான் வாய் திறக்கவில்லை. பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான். சந்தை விலை தெரியாமல் சரக்கு கொண்டு வருவோரை ஊருக்கு வெளியே மறித்து வாங்குவது தடுக்கப்பட்டது என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. ஆனால் அன்று என் நா எழாததற்கு வேறு காரணம் இருந்தது.

பல வருடங்களுக்கு முன் எனது உஸ்தாத் ஒருவர் வபாத்தானார். அவருடைய கிதாபுகளை விற்க வேண்டிய நிலை அவரது மனைவிக்கு. அவற்றுள் எகிப்தின் பூலாக் அச்சகத்தில் பதித்த பழைய பிரதிகள் சில இருந்தன. அவற்றின் பெறுமதி எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்ட சிறு தொகையைக் கொடுத்து எடுத்து வந்தேன். நானும் பொய் சொல்லவில்லை. விலை சொன்னது அவர்தான்.

அன்றிரவு தராவீஹ் முடிந்து வரும் வழியில் இதை மச்சானிடம் சொன்னேன். புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பதிலேதும் பேசவில்லை.

மறுநாள் மாலை அவர் அந்த மூதாட்டியிடம் சென்று, தெரிந்த யாரிடமாவது காட்டி மதிப்பிட்டுவிட்டு விற்குமாறு கூறினார். ஏன் மதிப்பு என்பதையும் எஞ்சினைக் காட்டியே விளக்கினார். அட்டை கழற்றப்பட்டது. பெருநாளைக்கு முன்பே யாரோ ஒருவர் நல்ல விலைக்கு வாங்கி வண்டியை லொறியில் ஏற்றிச் சென்றார். மச்சான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நாடு திரும்பியதும் உஸ்தாதின் வீட்டுக்குப் போனேன். கிதாபுகளின் உண்மையான பெறுமதியை விசாரித்து, எஞ்சிய தொகையைத் தவணையாகக் கொடுக்கத் தொடங்கினேன். ஆசிரியச் சம்பளத்தில் அது முடிய மூன்று வருடங்கள் சென்றன. ஆனால் முதல் தவணையை நீட்டியபோது, “இது என்னத்துக்கு மௌலவி?” என்று அந்தத் தாய் கேட்டார். அதற்குப் பதில் சொன்ன அந்த ஒரு நிமிடம், மூன்று வருடத் தவணைகளைவிடப் பாரமாக இருந்தது.