மினாவில் ‘ப்ராக்ஸி’ செல்லும்!

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் கூடாரங்கள். மக்காவை ஒட்டி, மலைகளுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தாக்குதான் மினா. ஹஜ் நாட்களில் லட்சக்கணக்கில் ஜனம். மற்ற நாட்களில் வெறிச்சுன்னு கிடக்கும். 1997-ல் இங்கே தீப்பிடித்து 343 பேர் பலியான பிறகு, எளிதில் தீப்பிடிக்காத கூடாரங்களா மாத்திட்டாங்க.

பயணமா வர்றவருக்கு முதல் சலுகை தொழுகையில். லுஹர், அஸர், இஷா மூணும் நாலு ரக்அத்துக்குப் பதில் ரெண்டுதான்!

அடுத்தது கல்லெறிதல். துல்ஹஜ் 10-ம் நாள் பெரிய ஜம்ராவுக்கு மட்டும் 7 கல். மறுநாளிலிருந்து மூணு ஜம்ராவுக்கும் சேர்த்து தினம் 21. பன்னிரண்டாம் நாளே கிளம்பலாம், ஒருநாள் கூடுதலா தங்கினாலும் சரி. ரெண்டுக்கும் குர்ஆனே அனுமதி தந்திருக்கு. நோயாளியா? தள்ளாத வயசா? அவருக்காக இன்னொருத்தர் எறியலாம். கிளாஸ்ல மாட்டினா வம்பு. இங்கே ‘ப்ராக்ஸி’ செல்லும் பாஸ்!

அந்த ராத்திரிகளை மினாவில்தான் கழிக்கணும். ஆனா ஒட்டகம் மேய்த்தவங்களுக்கும், ஹாஜிகளுக்குத் தண்ணீர் கொடுத்த அப்பாஸுக்கும் நபிகள் நாயகமே விலக்கு கொடுத்தார். பத்தாம் நாள் கடமைகளை வரிசை மாத்திச் செஞ்சுட்டுப் பதறி வந்தவங்களுக்கும், குற்றமில்லைன்னுதான் பதில் சொன்னார்.

இந்தச் சலுகையெல்லாம் சோம்பேறிகளுக்கு மட்டும்னு நினைக்கிறீங்களா? 2006 ஜனவரி 12-ஐப் பாருங்க. ஊருக்குக் கிளம்புற நாள். சூரியன் உச்சி சாய்ந்த பிறகுதான் எறியணும்கிறது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்த நேரத்துக்கு மூட்டை முடிச்சோடு கூட்டம் முண்டியடிக்க, ஜம்ரா பாலத்தின் நுழைவாயிலில் 346 பேர் நெரிசலில் செத்துப்போனாங்க.

அப்புறம் பழைய பாலத்தை இடிச்சுட்டு, பல அடுக்குப் பாலம் கட்டினாங்க. குழு குழுவா நேரம் ஒதுக்கினாங்க. காலையிலும் எறியலாம், ராத்திரியிலும் எறியலாம்னு பல அறிஞர்கள் எடுத்துச் சொன்னாங்க. உச்சிக்கு முன்னாடி எறியலாம்கிறது இன்னிக்குக் கண்டுபிடிச்சது இல்லை. ஆரம்ப கால அறிஞர்கள் சிலரே சொன்னதுதான்.

கஷ்டப்பட்டாதான் புண்ணியம்னு நெரிசல் நேரத்தில் நுழையற இளவட்டத்துக்கு உடம்பில் தெம்பு இருக்கலாம். ஆனா அவர் தோள் இடிக்கிறது பக்கத்துல வர்ற பாட்டியை. சலுகையை எடுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போனா, அவருக்கும் கடமை நிறைவேறும். பாட்டியும் பத்திரமா ஊர் போய்ச் சேருவாங்க.