ஜன்னலோரம்

மார்ச் 30, 2025, ஞாயிறு. ஆவடி

இன்று பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்கு மகனை நான் மட்டும் கூட்டிப்போனேன். வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு ஆறு வயது முடிந்து நான்கு மாதம். அம்மா இல்லாமல் என்னோடு அவன் வெளியே வருவது இதுதான் முதல் தடவை. ஆறு வருஷமும் ‘ஷிப்ட்’ என்று சொல்லியே தப்பித்திருக்கிறேன்.

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினான். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் அவன் பக்கம் குனிந்தேன். அந்தச் சில நொடிகள் இரவு வரை என்னை விடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். வேலை முடிந்து திரும்பும்போது என் மனைவி தம்பியைத் தூங்கவைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஆட்டிசம் வருவதற்குத் தாயின் பாசமற்ற மனம்தான் காரணம் என்று 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே எழுதினாராம். அதற்கு மூன்று வருஷம் முன்பே, இது உடல்கூறு சார்ந்தது, வளர்ப்பின் குற்றமல்ல என்று பெர்னார்ட் ரிம்லண்ட் எழுதிவிட்டார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். இருந்தும் எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. “மாசமா இருக்கும்போது பஸ்ஸுல அலைஞ்சா. பொறந்ததும் கையில செல்போனக் குடுத்தா” என்று என் அம்மா சொல்லும்போதெல்லாம் நான் தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பயத்தில் பேசினாள், அது எனக்குப் புரிகிறது. நான் வாய் திறக்காததற்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது. குற்றம் மனைவி பக்கம் இருந்தால் என் பக்கம் இல்லை என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டிருக்கிறேன்.

இன்று அதை அவளிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாற்றுத்திறனாளி அட்டைக்கான தாள்களை எடுத்துவைத்தோம். இரண்டு வருஷமாக நான்தான் தள்ளிப்போட்டேன். “ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, அதுக்குள்ள முத்திரை குத்திடக் கூடாது” என்பேன். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016 சட்டம்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதற்காக எங்கெங்கோ பெற்றோர்கள் அலைந்திருப்பார்கள். கிடைத்ததை வாங்கவே நான் வெட்கப்பட்டேன். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை தருகிறது. தெரபிக்கு எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

“நமக்கப்புறம் இவன யாருங்க பாத்துப்பாங்க?”

பதினெட்டு வயதுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க மாவட்டக் குழு இருக்கிறது, நமக்குத் திருவள்ளூர் என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பியோடு மின்சார ரயிலில் கொரட்டூர் வரை போய்வந்தேன். அன்னனூர் பணிமனையில் வரிசையாக நின்ற வண்டிகளைக் கண்டதும் இரண்டு கைகளையும் உதறிக் குதித்தான். எதிரில் இருந்த ஒரு பெண்மணி, “பேர் என்னப்பா?” என்றார்.

“அவனுக்கு ஆட்டிசம்ங்க. பேச்சு வரல. ரயில்னா உசுரு.”

வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை இன்றுதான் என் வாயால் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தார்.

அம்பத்தூர் தாண்டியதும் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தண்ணீர் பாட்டில் மூடிமேல் வைத்தான். வேண்டியதை இப்படித்தான் கேட்பான். அடுத்தவர் கையைக் கருவிபோலப் பயன்படுத்துகிறானா என்று பரிசோதனையின்போது கேட்டார்கள். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. இன்று அந்தப் பிடியைக் கவனித்தேன். நான்கு விரலும் சூடாக, இறுக்கமாக இருந்தன. பெட்டியில் அத்தனை கைகள் இருக்க, தேடி வந்தது என் கையைத்தான். மூடியைத் திறந்துகொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், “அழுதானா?” என்றாள் மனைவி.

“எதிர் வண்டி ஹாரன் அடிச்சப்ப ஒரு தடவ.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“பாத்திருப்பாங்க. நான் அவனத்தான் பாத்துட்டிருந்தேன்.”