பிரேசிலையும் எரிச்சிட்டாங்க, டாக்டரே

2025 மே மாசம். எல்லையில் சண்டை நின்னு ஒரு வாரம் ஆகியிருக்கும். எனக்கு கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி. பதினோரு மணிக்கு மேல திருவொற்றியூர் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவரை ஆட்டோவில் கூட்டிட்டு வந்தாங்க. வயசு 74. தலைவலி, படபடப்பு. பிபி 210/120.

(அவர்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி ஒண்ணு ரெண்டு விவரம் மாத்தியிருக்கேன்.)

நெஞ்சுவலி இல்ல. கை கால் இழுக்கல, பேச்சு குழறல. ஈசிஜியில் புதுசா எதுவும் இல்ல. இந்த மாதிரி நேரத்தில் சடார்னு பிபியை இறக்கக் கூடாது. நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சு ஒரே இறக்கா இறக்கறது பழைய பழக்கம், அதுல பக்கவாதம் வரைக்கும் போகலாம். பழைய மாத்திரையையே திரும்ப ஆரம்பிச்சு, படுக்க வெச்சுட்டு, "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா ஐயா?"னு கேட்டேன்.

"அஞ்சு நாளா போடல."

"ஏன்?"

"வாங்க வெளிய போணும்ல டாக்டரே. தெருவுல எல்லாரும் என்னியே பாக்குறாங்க."

மகள் பக்கத்துல நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. விஷயம் அவங்க சொல்லித்தான் தெரிஞ்சது.

பெரியவர் சென்னை ஹார்பர்ல வின்ச் ஓட்டினவர். 2011ல ரிட்டயர்டு. அதே வருஷம்தான் கோர்ட்டு உத்தரவால நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போச்சு. நிலக்கரி எண்ணூருக்குப் போச்சு. "கரியும் நானும் ஒண்ணா வெளிய வந்தோம்"பார். வேலை பார்த்த காலத்துல கப்பல்காரங்க கழட்டிப் போடுற பழைய கொடிகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வெச்சிருக்கார். கடல் காத்துல கொடி ஓரம் சீக்கிரமா நாராகிடும், அடிக்கடி மாத்துவாங்களாம். ஒரு டஜன் மாம்பழத்துக்கு ஒரு கொடி. கஸ்டம்ஸ் கேட்டைத் தாண்டி எப்படி வெளிய வந்ததுனு நான் கேக்கல, அவரும் சொல்லல. ஒரு டிரங்கு பெட்டி நிறைய, எழுபதுக்கு மேல. வருஷா வருஷம் கத்திரி வெயில்ல மொட்டை மாடியில காய வெச்சு, பாச்சை உருண்டை போட்டு மடிச்சு வைப்பார்.

இந்த வருஷமும் காய வெச்சார். எதிர் பில்டிங்லேர்ந்து யாரோ ஒரு வீடியோ எடுத்து வாட்சப்பில் போட்டுட்டாங்க. பச்சை, வெள்ளை, பிறை, நட்சத்திரம். "நம்ம ஏரியாவுல பாகிஸ்தான் கொடி"னு தலைப்பு.

அது அல்ஜீரியா. பாதி பச்சை, பாதி வெள்ளை, நடுவுல சிவப்புப் பிறையும் சிவப்பு நட்சத்திரமும். பாகிஸ்தான் கொடியில கம்பத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை, மீதி கரும்பச்சை, அதுல வெள்ளைப் பிறை. பக்கத்துல பக்கத்துல வெச்சா குழந்தைக்குக் கூட தெரியும். ஆனா அந்த வாரம் யார் பக்கத்துல வெச்சுப் பார்க்கற மனநிலையில இருந்தாங்க?

இது புதுசும் இல்ல. 2022 உலகக் கோப்பை சமயத்துல கேரளாவுல கண்ணூர் மாவட்டம் பானூர்ல ஒருத்தர் போர்ச்சுகல் கொடியை ஒரு கட்சிக் கொடினு நெனச்சு கிழிச்சது நியூஸ்ல வந்தது. ரசிகர்கள் ஆசையா கட்டின கொடி.

ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு பேர் வந்து பார்த்துட்டு, "மாடியில வேணாம் ஐயா, உள்ள எடுத்து வைங்க"னு மரியாதையா சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அன்னைக்கு ராத்திரி, அப்பா தூங்கின பிறகு, மகள் பெட்டியைத் திறந்து பச்சையா இருந்த எல்லாத்தையும் எடுத்து பின்பக்கம் போட்டு எரிச்சிட்டாங்க. எது எந்த நாடுனு அவங்களுக்குத் தெரியாது. பயம். நான் அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஸ்கூல் போற ரெண்டு பிள்ளைங்க இருக்கு.

"சவுதியப் போட்டுட்டா, மெக்சிகோவப் போட்டுட்டா. பிரேசிலையும் எரிச்சிட்டா டாக்டரே!" வடசென்னையில ஒருத்தர் வீட்ல பிரேசில் கொடியை எரிச்சாங்கன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு வியாசர்பாடி பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னார். நிஜமாவே ஒரு பாகிஸ்தான் கொடி இருக்காம். பல வருஷத்துக்கு முன்னாடி கராச்சிக்கார மாலுமி ஒருத்தர் கொடுத்தது. செத்துப்போன மனைவியோட புடவைக்குள்ள மடிச்சு வெச்சிருந்ததால மகள் கண்ணுல படல. "அது வெச்சிருந்தா என்னிய உள்ள போட்டுருவாங்களா?"

எனக்கு பதில் தெரியல. எம்பிபிஎஸ்ல இதெல்லாம் சொல்லித் தரல. காலையில டூட்டி முடிஞ்சதும் ஹைகோர்ட்டுல இருக்கிற என் ஸ்கூல் நண்பனுக்கு போன் பண்ணேன்.

அவன் சொன்னதோட சாரம் இது. 1971ம் வருஷத்து தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் நம்ம கொடி, நம்ம அரசியலமைப்பு, நம்ம தேசிய கீதம் பத்தினது. மூணு வருஷம் வரை தண்டனை. மத்த நாட்டுக் கொடியை வீட்ல வெச்சிருக்கக் கூடாதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. ஆனா ஒரு கொடியைக் காட்டி ரெண்டு பிரிவு மக்களுக்கு நடுவுல பகையைத் தூண்டினா அது வேற, பாரதிய நியாய சன்ஹிதா 196ம் பிரிவு வரும். தடை செய்யப்பட்ட இயக்கத்தோட கொடின்னா அதுவும் வேற கதை, நாட்டுக் கொடியோட அதைக் குழப்பிக்கக் கூடாது. அப்புறம், "சட்டம் ஒண்ணு, சூழ்நிலை ஒண்ணுடா"ன்னான். அந்த மே 2ம் தேதிதான் பாகிஸ்தான் கொடி கட்டின கப்பல் எதுவும் இந்தியத் துறைமுகத்துக்குள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு வந்தது. மே 14ல, பாகிஸ்தான் கொடி விற்ற சில இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பினது. "பெட்டிக்குள்ள இருக்கட்டும். மாடியில வேணாம். யாராவது கேட்டா மறைக்காம சொல்லச் சொல்லு."

சில நாட்டுல இதுக்கும் சட்டம் இருக்கு. டென்மார்க்கில் 2025 ஜனவரியிலேர்ந்து வேற நாட்டுக் கொடியைக் கம்பத்துல ஏத்தறதுக்கே கட்டுப்பாடு, நார்டிக் நாடுகள் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு.

இங்க அப்படி இல்ல. ஆனா நம்ம கொடியோட சேர்த்து வேற நாட்டுக் கொடி கட்டும்போது, 2002 இந்தியக் கொடி விதிகள்ல தெளிவா சொல்லியிருக்கு. உலகக் கோப்பை நேரத்துல நம்ம பசங்க ஒரே மூங்கில்ல மேல மூவர்ணம், கீழ அர்ஜென்டினானு கட்டுவாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா ரெண்டு தப்பு. ஒரே கம்பத்துல நம்ம கொடியோட இன்னொரு கொடி கூடாது. சமாதான காலத்துல ஒரு நாட்டுக் கொடியை இன்னொண்ணுக்கு மேல பறக்க விடறது சர்வதேச வழக்கப்படியும் கூடாது. தனித்தனி கம்பம், ஒரே உயரம். வரிசையா வெச்சா நம்மது வலது ஓரம், அப்புறம் இங்கிலீஷ் பேர் அகரவரிசையில மத்தது. ஏத்தும்போது நம்மது முதல்ல, இறக்கும்போது கடைசியில. "வலது ஓரம்"னா யாருக்கு வலதுன்னு எல்லாரும் குழம்புவாங்க. எக்ஸ்ரே மாதிரி நெனச்சுக்கங்க. பேஷன்டோட வலது, பார்க்கற உங்களுக்கு இடது. வரிசையில நின்னு கூட்டத்தைப் பார்க்கறவருக்கு வலது.

மறுநாள் வார்டு ரவுண்ட்ஸ்ல இதெல்லாம் சொன்னேன். பிபி 160/96. அவர் எனக்குத் திருப்பி பாடம் எடுத்தார். சவுதி கொடியில அவங்க மத வாசகம் இருக்கறதால அரைக் கம்பத்துல இறக்கவே மாட்டாங்களாம். பிலிப்பைன்ஸ் கொடியில நீலம் மேல இருக்கணும், சிவப்பு மேல வந்தா அந்த நாடு போர்ல இருக்குன்னு அர்த்தம். இவர் ஒரு தடவை தலைகீழா பிடிச்சதுக்கு அந்த ஊர் மாலுமி பிடுங்கி நேராக்கிட்டுத்தான் கையில குடுத்தாராம். கப்பல்ல இருக்கிற கொடியைப் பார்த்து நாட்டை நம்பக் கூடாதுன்னும் சொன்னார். 2017 ஜனவரி 28ல எண்ணூர் கிட்ட டான் காஞ்சிபுரம் மேல மோதின பிடபிள்யூ மேப்பிள் ஐல் ஆஃப் மேன் கொடி கட்டினது. அந்தக் கொடியில மூணு கால் ஒண்ணா சேர்ந்த சின்னம் இருக்கும். எர்ணாவூர்ல பக்கெட்டால எண்ணெய் அள்ளின யாருக்கும் அப்படி ஒரு தீவு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. நானும் அன்னைக்கு அங்க போய் நின்னவன்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தப்ப ஒரு மஞ்சப்பை கொண்டு வந்தார். உள்ள ஒரு வெறும் மஞ்சள் துணி. சின்னம் இல்ல, கோடு இல்ல. "இது உனுக்கு, டாக்டருக்கு."

கியூ கொடி. ஒரு காலத்துல மஞ்சள் கொடின்னாலே கப்பல்ல தொத்து நோய்னு அர்த்தம். இப்போ தலைகீழ். "என் கப்பல்ல எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்க, உள்ள வர அனுமதி குடுங்க"ன்னு துறைமுக சுகாதார அதிகாரிக்குக் கேக்கற கொடி. அனுமதி கிடைச்சதும் இறக்கிடுவாங்க. வாங்கிக்கலாமான்னு யோசிச்சேன். பேஷன்ட்கிட்ட எதுவும் வாங்கறதில்லைன்னு ஒரு கொள்கை. இதை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

மகளும் கூட வந்திருந்தாங்க. அப்பாவும் பொண்ணும் முழுசா சமாதானம் ஆகலைன்னு பார்த்தாலே தெரிஞ்சது. புடவைக்குள்ள இருக்கிறது பத்தி அவங்க முன்னாடி நான் கேக்கல.

பிபி 146/88. மாத்திரைச் சீட்டை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டே கேட்டார்:

"அடுத்த ஜூன்ல வேர்ல்டு கப்பு வருது. பாரிஸ்ல பெரிய சைஸ் பிரேசில் கொடி கிடைக்குமா டாக்டரே?"

அவர் பதில் கேக்கறதுக்குள்ள மகள் சொன்னாங்க, "நான் வாங்கித் தரேம்ப்பா. நீ மாத்திரையப் போடு."