தாராவிக்கும் நெல்லைக்கும் நடுவே

தாராவிக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். கிழக்கே சயானில் மத்திய ரயில்வே, மேற்கே மாஹிமில் மேற்கு ரயில்வே. நிமிடத்துக்கொன்றாக மின்சார ரயில்கள் தடதடக்கின்றன. ஆனால் 90 அடி ரோட்டுத் தமிழர்களின் கவலை வேறொரு ரயிலைப் பற்றியது. ஊருக்குப் போகிற ரயில்.

தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வருடத்துக்கு ஒரு முறையாவது ஊர் போகிறார்கள். கோயில் கொடை, கல்யாணம், சொத்துத் தகராறு என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. டிக்கெட்டுக்குத்தான் பஞ்சம்.

பம்பாயும் மதராசும் ரயிலால் இணைந்தது 1871ல். இரு பக்கமிருந்தும் வந்த பாதைகள் ராய்ச்சூரில் சந்தித்தன. நெல்லைக்காரருக்கு அது பாதி வழிதான். மெயிலில் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்கு ஓடி, தெற்கே போகும் மீட்டர் கேஜ் வண்டியைப் பிடிக்க வேண்டும். தண்டவாளத்தின் அகலம் மாறும் இடம்தான் அந்தக் காலத்து எல்லைச் சாவடி. 1990களில் தென் மாவட்டங்களில் அகலப் பாதை பரவிய பிறகே அந்த ஓட்டம் நின்றது.

இப்போது நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நேரடி வண்டிகள் உண்டு. கர்ஜத்தில் கூடுதல் என்ஜின்கள் சேர்ந்து தள்ள, போர் காட் மலை ஏறி, புனே, சோலாப்பூர், குண்டக்கல் வழியாக ஒன்றரை நாள் பயணம். சிக்கல் என்னவென்றால், ஒரு வண்டி வாரத்தில் சில நாள், இன்னொன்று வேறு சில நாள். சென்னைக்குத் தினசரி ரயில் இருக்கிறது. கோவைக்கும் இருக்கிறது, செம்பூருக்குப் பக்கத்திலேயே உள்ள லோகமான்ய திலக் டெர்மினஸிலிருந்து. மும்பையில் தமிழர்கள் மிக நெருக்கமாக வாழும் பேட்டைக்காரர்களின் சொந்த ஊருக்கு மட்டும் கிழமை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

மாட்டுங்காவின் கதை வேறு. பூக்கடைகளும் வாழை இலைச் சாப்பாடும் 1932ல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் சூழ்ந்த இந்தப் பகுதியிலும், பிறகு செம்பூரிலும் குடியேறியவர்களில் பாலக்காட்டுத் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குக் கை கொடுத்தது கோவை, பாலக்காடு வழியாகக் கன்னியாகுமரி போகும் ஜெயந்தி ஜனதா. மும்பையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த அந்த வண்டி, 2022 முதல் புனேயோடு நின்றுவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் 190 கிலோமீட்டர்தான் குறைவு. வயதான தம்பதிக்கு அது இன்னொரு ரயில், இன்னொரு பிளாட்பாரம், இன்னொரு போர்ட்டர்.

1998 ஜனவரி 26ல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில்வே பெரிய நம்பிக்கை தந்தது. மேற்குக் கடலோரமாக மங்களூர் பக்கம் இறங்கும் 740 கிலோமீட்டர் பாதை. ஆனால் பெரும்பகுதி ஒற்றைத் தடம். மழைக்காலத்தில் வேகத்தைக் குறைத்துத் தனிக் கால அட்டவணையே போடுகிறார்கள். பலன் முக்கியமாகக் கேரளத்துக்குப் போனது. அந்த வழியாகத் தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு வாரம் ஒரு வண்டி. காத்திருக்க முடியாத நாகர்கோவில்காரர்கள் திருவனந்தபுரம் வரை நேத்ராவதியில் போய், அங்கிருந்து வேறு வண்டி பிடிக்கிறார்கள்.

வண்டியை அதிகப்படுத்துவதில் என்ன கஷ்டம்? ஓட்டுவது தெற்கு ரயில்வே என்றால், மும்பையில் நிறுத்த இடம் தர வேண்டியது மத்திய ரயில்வே. புறநகர் ரயில்களுக்கே பிளாட்பாரம் போதாத ஊர் இது. வாடி தாண்டியதும் மண்டலம் மாறுகிறது. மாநிலம் அதற்கு முன்பே மாறிவிடுகிறது. நடுவழி மாநிலங்களுக்கு இந்த வண்டி கடந்து போகிற வண்டி. மும்பையில் வாக்களிக்கும் நெல்லைக்காரருக்காக எந்த ஊர் எம்.பி. குரல் கொடுப்பது?

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. மே மாதக் கொடைக்குப் போக வேண்டியவர்கள் இப்போது மார்ச்சில், காலை எட்டு மணிக்கு, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு செல்போன் முன் உட்காருகிறார்கள்.